பொட்டோமாக்கில் ஷேட் ஏறும் காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டன் டி.சி.யை ஒட்டி ஓடும் பொட்டோமாக் ஆற்றில் மார்ச் தொடங்கி மே நடுப்பகுதி வரை கடலிலிருந்து ஷேட் என்ற மீன் முட்டையிட ஏறும். அந்த இரண்டரை மாதமும் சனி, ஞாயிறு என்றால் நான் வீட்டில் இருக்க மாட்டேன், தூண்டிலோடு ஆற்றில்தான். மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் இருக்கும் நம் ஆட்கள் ஒவ்வொரு பிப்ரவரியிலும் அதே கேள்விகளோடு வருகிறார்கள். போனில் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

நகரத்துக்கு நடுவில் ஓடுகிற ஆற்றில் நிஜமாகவே மீன் இருக்கிறதா?

இருக்கிறது. சொல்லப்போனால் நகரம் இங்கே இருப்பதற்கும் மீன் இங்கே கூடுவதற்கும் காரணம் ஒன்றுதான். மேற்கே பாறை நிலம், கிழக்கே கடலோரச் சமவெளி. இரண்டும் சந்திக்கிற கோட்டில் ஆறு பாறைகளில் விழுந்து புரண்டு வருகிறது. லிட்டில் ஃபால்ஸ் என்று பெயர். கடலிலிருந்து வரும் கப்பல் அதுவரைதான் வர முடியும் என்பதால் ஜார்ஜ்டவுன் துறைமுகம் அதற்குக் கீழே முளைத்தது. கடலின் ஏற்றவற்றமும் அதுவரைதான். ஒரு நாளில் இரண்டு தடவை தண்ணீர் கிட்டத்தட்ட மூன்றடி ஏறி இறங்கும். கீழே செசபீக் விரிகுடாவிலிருந்து முட்டையிட ஏறி வரும் மீன் இந்தப் பாறைகளுக்குக் கீழே வந்து தேங்கி நிற்கும். ஆகவே வெள்ளை மாளிகையிலிருந்து கால் மணி நேரக் கார் பயணத்தில் கூட்டம் கூட்டமாக மீன்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1965-இல் அதிபர் ஜான்சன் இந்த ஆற்றை நாட்டுக்கே அவமானம் என்று சொல்லும் அளவுக்குச் சாக்கடையாகக் கிடந்தது. 1972-இல் வந்த தூய நீர்ச் சட்டமும், அதன் பிறகு சுத்திகரிப்பு நிலையங்களில் கொட்டிய பணமும்தான் அதை மாற்றின.

ஷேட் என்றால் என்ன மீன்? நம் ஊரில் உண்டா?

இதே மீன் கிடையாது. ஆனால் நெருங்கிய சொந்தக்காரர் உண்டு: உல்லம். வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுவார்களே, தெலுங்கர்கள் கோதாவரியில் புலசா என்று தங்க விலை கொடுப்பார்களே, அதுதான். இரண்டும் மத்தி, சாளை வகையறா. வெள்ளி மாதிரி மின்னும் உடம்பு, தொட்டால் கையோடு வரும் செதில், எண்ணெய் ஊறிய சதை, எண்ண முடியாத முள். கடலில் வளர்ந்து, முட்டையிட மட்டும் ஆற்றில் ஏறும் பழக்கமும் ஒன்றே.

பொட்டோமாக்கில் இரண்டு வகை ஷேட் வரும். ஹிக்கரி ஷேட் சின்னது, ஒன்று, இரண்டு பவுண்டு. அமெரிக்கன் ஷேட் பெரியது. சினை மீன் நான்கைந்து பவுண்டு தேறும், ஆண் அதைவிடச் சிறியது. ஆற்றில் பிறந்த குஞ்சு இலையுதிர் காலத்தில் கடலுக்கு இறங்கி, கோடைகளைக் கனடாப் பக்கம் ஃபண்டி விரிகுடா வரை போய்க் கழித்துவிட்டு, பெரும்பாலும் நான்கைந்து வயதில் பிறந்த ஆற்றைத் தேடித் திரும்பி வரும். எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டால், கடைசிக் கட்டத்தில் தண்ணீரின் வாசனை என்கிறார்கள். அம்மா வீட்டுக் குழம்பு வாசனை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போக வேண்டும்?

காலண்டரைவிடத் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் தண்ணீர் இன்னும் குளிர்ந்து கிடக்கும். அப்போது வால்-ஐ (walleye) என்ற மீனும், கொஞ்சம் பின்னால் வெள்ளைப் பெர்ச்சும்தான். தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் வாரத்தில், அதாவது மார்ச் நடுவிலிருந்து கடைசிக்குள், முதல் ஹிக்கரி வரும். அமெரிக்கன் ஷேட் அறுபதை நெருங்கும்போது வரும். ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் வாரம் வரை அதன் உச்சம்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் சுற்றிலும் பாருங்கள். 1912-இல் டோக்கியோ நகரம் அனுப்பிய செர்ரி மரங்கள் டைடல் பேசின் என்ற குளத்தைச் சுற்றிப் பூத்திருக்கும்போது ஹிக்கரி வந்திருக்கும். சுற்றுலாக் கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும், ஆற்றங்கரை நமக்கு. காட்டோரத்தில் வெள்ளையாகப் பூக்கும் ஒரு சின்ன மரத்துக்கு இந்த ஊர்க்காரர்கள் ஷேட்புஷ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், மீன் வரும்போது பூப்பதால். எனக்கு இன்னொரு அடையாளம் பிடிக்கும். தமிழில் விராலடிப்பான் என்போமே, அந்தக் கழுகு மார்ச் நடுவில் தெற்கிலிருந்து திரும்பி வந்து ஆற்றின் மேல் வட்டமடிக்கத் தொடங்கும். அது வந்துவிட்டால் நான் ரீலுக்கு எண்ணெய் போடுவேன்.

நாளில் எந்த நேரம் என்றால், வெயில் சாய்ந்த பிறகு. ஷேட் இருட்டும் வேளையில்தான் முட்டையிடும், அதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரம் கூட்டம் மும்முரமாக அலையும். மேகமூட்டமான நாளில் மத்தியானமும் கொத்தும்.

எங்கே போவது?

முதல் தடவை என்றால் யோசிக்காமல் ஃப்ளெட்சர்ஸ் கோவ். கெனால் ரோடும் ரிசர்வாயர் ரோடும் சேரும் இடத்தில், பழைய சி அண்டு ஓ கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே இருக்கிறது. வாசலில் நிற்கும் கல் வீடு 1801-இல் கட்டியது. ஃப்ளெட்சர் குடும்பத்தார் 1850-களிலிருந்து 2004 வரை தலைமுறை தலைமுறையாக இங்கே படகு வாடகைக்கு விட்டார்கள். இப்போது தேசியப் பூங்கா துறையின் கீழ் வேறு நிறுவனம் நடத்துகிறது. துடுப்புப் படகு இன்னும் கிடைக்கும். படகில் போய் நீரோட்டத்தின் ஓரத்தில் நங்கூரம் போட்டு நிற்பதுதான் இங்கே பாரம்பரிய முறை. படகு வேண்டாம் என்றால் கரையிலிருந்தே போடலாம், அங்கிருந்து கீழ்ப்பக்கமும் மேல்பக்கமும் பாறைகள் நிறைய. ஒரு விஷயம்: கெனால் ரோடு காலையிலும் மாலையிலும் அலுவலக நேரத்தில் ஒருவழிப் பாதையாக மாறும். வார நாளில் போகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

செயின் பிரிட்ஜுக்குக் கீழே மீன் இன்னும் அடர்த்தி, ஏனென்றால் ஆறு அங்கே குறுகி ஓடுகிறது. அதே காரணத்துக்காக ஆபத்தும் அடர்த்தி. ஓரிரண்டு சீசன் பழகிய பிறகு, தெரிந்தவரோடு போங்கள். ஜார்ஜ்டவுன் கரையிலும், ஹெயின்ஸ் பாயின்ட் சுவரிலும் பெர்ச்சும் கெளுத்தியும் கிடைக்கும். ஷேட் அங்கே நிற்காமல் கடந்து போய்விடும்.

லைசென்ஸ் வேண்டுமா? யாருடையது?

வேண்டும், அதுவும் டி.சி. லைசென்ஸ். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 ஆனவர்களுக்கும் தேவையில்லை. எல்லோரும் குழம்புவது இங்கேதான்: நகர எல்லைக்குள் ஆறு முழுக்க, வர்ஜீனியாக் கரை வரைக்கும், டி.சி.யுடையது. எதிர்க்கரையில் வர்ஜீனியா மண்ணில் நின்றுகொண்டு தூண்டில் போட்டாலும் தண்ணீர் டி.சி. தண்ணீர்தான். செயின் பிரிட்ஜைத் தாண்டி மேலே போனால் மேரிலாந்து. ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை. மோசமான நெட்வொர்க்கில் நின்று அதிகாரியிடம் திரை காட்டத் திணறாமல், ஒரு பிரிண்ட் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் வாங்கும்போதே அந்த வருட விதிகளையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?

கடைக்குள் போனால் இருநூறு டாலருக்குக் கட்டிவிடுவார்கள். தேவை இவ்வளவுதான்: ஆறரை, ஏழடி நீளத்தில் லேசான ஸ்பின்னிங் ராடு, சின்ன ரீல், ஆறு பவுண்டு நரம்பு. நம் ஊரில் தங்கூசி என்போமே, அந்த நைலான் நரம்பே போதும். நீளக் கைப்பிடி வைத்த வலை ஒன்று. குறடு ஒன்று.

இரை என்று பார்த்தால் புழு பூச்சி எதுவும் வேண்டாம். ஆற்றில் ஏறும் ஷேட் கிட்டத்தட்ட ஒன்றும் தின்னாது. பிறகு ஏன் கொத்துகிறது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். எரிச்சலில் கொத்துகிறது என்பது என் கட்சி. அதற்கென்றே ஷேட் டார்ட் என்று ஒன்று விற்கிறது. கூம்பு மாதிரி சரிவாக வெட்டிய ஈயத் தலை, சிவப்பும் வெள்ளையுமோ மஞ்சளும் பச்சையுமோ பூசியிருக்கும், பின்னால் மான் வால் முடிக் குஞ்சம். எட்டில் ஒரு அவுன்ஸ், கால் அவுன்ஸ் இரண்டும் வாங்குங்கள். பாறையில் மாட்டி அறுந்துகொண்டே இருக்கும், அதனால் ஒரு டஜனுக்குக் குறைந்து போகாதீர்கள். என் முதல் நாளில் ஒரு மணி நேரத்தில் எட்டு டார்ட்டை ஆற்றுக்குத் தானம் செய்துவிட்டு, மீதி மாலை முழுக்க மற்றவர்கள் பிடிப்பதை வேடிக்கை பார்த்தேன்.

பழகியவர்கள் டார்ட்டுக்கு ஒன்றரை, இரண்டு அடி பின்னால் காகிதம் போல மெல்லிய சின்ன ஸ்பூன் ஒன்றையும் கட்டுவார்கள். ஒரே வீச்சில் இரண்டு மீன் வரும் நாட்களும் உண்டு. முதல் வருடம் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சிக்கு எடுப்பதிலேயே பொழுது போய்விடும்.

கொக்கியில் இருக்கும் எதிர்முள்ளை வீட்டிலேயே குறடால் அமுக்கிவிடுங்கள். மீனுக்கும் நல்லது, உங்கள் கட்டைவிரலுக்கும் நல்லது.

எப்படிப் போட்டால் கொத்தும்?

கரையில் நிற்கிறீர்கள், ஆறு இடமிருந்து வலமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நேர் எதிரே, கொஞ்சம் மேல்பக்கமாக வீசுங்கள். டார்ட் மூழ்க மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பிறகு நரம்பு தளராத அளவுக்கு மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். நீரோட்டம் அதைத் தானே வளைத்துக் கீழ்ப்பக்கம் கொண்டு போகும். வளைவு முடிந்து நரம்பு நேராகும் அந்த நொடிதான் முக்கியம்; முக்கால்வாசி மீன் அங்கேதான் கொத்தும். புதியவர்கள் அதற்குள் அவசரமாகச் சுற்றி எடுத்துவிடுகிறார்கள். அங்கேயே ஐந்து விநாடி தொங்க விடுங்கள். ஒன்றுமில்லையா, அடுத்த வீச்சில் ஏழு எண்ணுங்கள், அப்புறம் ஒன்பது. மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டே. ஒருவருக்குக் கொத்துகிறது, பக்கத்தில் நிற்பவருக்கு இல்லை என்றால் ராசி காரணமில்லை, ஆழம்தான் காரணம்.

மீன் மாட்டினால் நம் ஊர் பாணியில் வெட்டி இழுக்காதீர்கள். ஷேட்டின் வாய் அப்பளம் மாதிரி, கிழிந்துவிடும். ரீலின் பிடியைத் தளர்த்தி வைத்து ஓட விடுங்கள். ஹிக்கரி தண்ணீருக்கு மேலே மூன்று நான்கு தடவை துள்ளும். பெரிய சினை ஷேட் துள்ளுவது குறைவு. அகலமான உடம்பை நீரோட்டத்துக்குக் குறுக்கே சாய்த்துக்கொண்டு நகர மாட்டேன் என்று நிற்கும். பாறையில் மாட்டிவிட்டது என்று நினைத்து நான் அறுத்துவிடப் போன நேரத்தில் அந்தப் பாறை நடக்க ஆரம்பித்ததும் உண்டு.

பிடித்தது எந்த ஷேட் என்று எப்படித் தெரியும்?

வாயை மூடிப் பாருங்கள். கீழ்த்தாடை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ஹிக்கரி. இரண்டு தாடையும் சமமாகப் பொருந்தினால் அமெரிக்கன். முதுகுத் துடுப்பின் கடைசியில் நூல் மாதிரி ஒன்று நீளமாகத் தொங்கி, மூக்கு மழுங்கியிருந்தால் அது கிஸ்ஸர்ட் ஷேட். வருடம் முழுக்க உள்ளூரிலேயே கிடக்கும் மீன்.

வீட்டுக்குக் கொண்டு போகலாமா?

கூடாது. டி.சி. தண்ணீரில் அமெரிக்கன், ஹிக்கரி இரண்டையும், அவற்றோடு ஏறி வரும் ஹெர்ரிங் மீனையும் வைத்துக்கொள்ளத் தடை. பிடித்ததும் விட்டுவிட வேண்டும். ஒன்றே ஒன்று, குழந்தை ஆசைப்பட்டது என்ற சமாதானமெல்லாம் எடுபடாது.

இந்த ஆறு எப்படி வாரி வழங்கியது என்று தெரிந்தால்தான் தடையின் காரணம் புரியும். கீழே மவுன்ட் வெர்னன் பண்ணையில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் வசந்த காலத்தில் பெரிய மீன்பிடி வியாபாரியும்கூட. 1772-இல் மட்டும் அவருடைய வலைகளில் விழுந்த ஹெர்ரிங் பத்து லட்சத்துக்கு மேல், ஷேட் ஆயிரக்கணக்கில். உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைத்து விற்றார்கள். வலை இழுத்தவர்கள் அவரிடம் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களுடைய ரேஷனும் அந்த உப்பு மீன்தான். அதன் பிறகு இருநூறு வருடம் வலை, அணை, சாக்கடை. மேரிலாந்து 1980-இல் தன் பகுதியில் ஷேட் பிடிப்பதை நிறுத்தியது, 1982-இல் பொட்டோமாக்கிலும் தடை வந்தது.

தடை மட்டும் போதவில்லை. மேலே லிட்டில் ஃபால்ஸில் குடிநீருக்காகக் கட்டிய தாழ்வான தடுப்பணை ஒன்று வழியை மறித்துக்கொண்டிருந்தது. 1995 முதல் 2002 வரை, ஆற்றில் பிடித்த சினை மீன்களிடமிருந்து முட்டை எடுத்து, பொரிக்கவைத்து, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குஞ்சுகளை அணைக்கு மேலே கொண்டுபோய் விட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளும் வகுப்பறைத் தொட்டியில் பொரிக்கவைத்த குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 2000-இல் அணையிலேயே மீன் ஏற ஒரு வாய் வெட்டினார்கள். அதற்கு மேல் கிரேட் ஃபால்ஸ் வரை சுமார் பத்து மைல் மறுபடியும் மீனுக்குக் கிடைத்தது. பின்னாளில் இங்கிருந்து எடுத்த முட்டைகள் பக்கத்து ராப்பஹானக் ஆற்றுக்கும் போயின. கடன் வாங்கியிருந்த ஆறு கடன் கொடுக்கும் நிலைக்கு வந்தது.

நம் உல்லத்துக்கும் இப்படி ஏதாவது செய்தார்களா?

இந்தக் கேள்வியைத் தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் படகில் வைத்துக் கேட்டார். காவிரியில் ஒரு காலத்தில் உல்லம் நன்றாக ஏறியது. கொள்ளிடத்தில் 1836-இல் கட்டிய கீழணை அதற்கு முதல் தடை. 1934-இல் மேட்டூர் அணை முடிந்து வெள்ளம் அடங்கிய பிறகு ஏற்றம் படுத்துவிட்டது. மீனுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, புது வெள்ளம் கடலில் போய் வாடை காட்ட வேண்டும். ஆடியில் பெருகி வந்த அந்த வெள்ளம் அணைக்குள் நின்றுவிட்டது. கங்கையில் 1975-இல் ஃபரக்கா தடுப்பணை வந்தபோதும் மேலே இருந்தவர்களுக்கு இலிஷ் இதே மாதிரி அற்றுப்போனது. பொட்டோமாக்கின் அதிர்ஷ்டம், அதன் அணை சின்னது, ஆறும் பெரும்பாலும் தன் போக்கில் வருகிறது. மேட்டூரில் வாய் வெட்ட முடியாது. காவிரியில் உல்லம் பார்த்ததாகத் தாத்தா சொல்லக் கேட்டதுண்டு என்றார் நண்பர். அன்றைக்கு அவருக்குத்தான் பெரிய மீன் மாட்டியது. வலையில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு விட்டார்.

விட்டுவிடத்தான் போகிறோம் என்றால் எதற்குப் பிடிக்க வேண்டும்?

என் அம்மா ஒவ்வொரு தடவை இங்கே வரும்போதும் கேட்பது. நல்ல பதில் என்னிடம் இல்லை. கொத்தும்போது வரும் அந்த உதறல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மீன் ஒரு விலை கொடுக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஷேட் பூஞ்சையான மீன். சரியாகக் கையாளாவிட்டால் நீந்திப் போன பிறகும் செத்துவிடும். வலைக்குள் தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றுங்கள். கையை நனைக்காமல் தொடாதீர்கள். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். போட்டோ வேண்டுமென்றால் மொபைலை முதலில் தயாராக வைத்துக்கொண்டு பிறகு தூக்குங்கள். விடும்போது நீரோட்டத்தைப் பார்த்து முகத்தைப் பிடித்து, அது தானாக உதறிக்கொண்டு போகும் வரை காத்திருங்கள். நான் பத்து மீனோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் அது பேராசை என்பது என் எண்ணம். ஐம்பது பிடித்தேன் என்று பெருமை பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

சாப்பிட ஒன்றுமே கிடைக்காதா?

கிடைக்கும், அளவோடு. வெள்ளைப் பெர்ச் உள்ளங்கை அளவு மீன், முழுசாகப் பொரித்தால் அருமை. நீலக் கெளுத்தி வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது. இப்போது ஆற்றையே தின்றுகொண்டிருக்கிறது, ஏறி வரும் ஷேட்டையும் சேர்த்து. எடுப்பது ஆற்றுக்கு உபகாரம். ஆனால் டி.சி. அரசு எச்சரிக்கை ஒன்று வைத்திருக்கிறது: விலாங்கு, கெண்டை ஜாதியான கார்ப், ராக்ஃபிஷ் என்று இங்கே சொல்லும் வரிப் பாஸ் மூன்றையும் சாப்பிடவே வேண்டாம், மற்றவற்றை மாதத்துக்குச் சில தடவை மட்டும். பி.சி.பி. என்ற பழைய தொழிற்சாலை ரசாயனம் சேற்றில் தங்கி, மீனின் கொழுப்பில் சேர்வதுதான் காரணம். ஆகவே தோலை உரித்து, வயிற்றுக் கொழுப்பையும் முதுகின் கருஞ்சதையையும் வெட்டி எறியுங்கள். பெரிய கெளுத்தியில் விஷம் அதிகம், சின்னதாகப் பார்த்து எடுங்கள். எனக்கு வருத்தமான விஷயம், எண்ணெய் வழியும் மீன் தலைக் குழம்புக்கு இந்த ஆற்று மீன் ஆகாது. அந்த ஆசைக்கு மெயின் அவென்யூ மீன் சந்தைக்குப் போங்கள். 1805-லிருந்து நடக்கிறது.

பொட்டோமாக்கில் விரால் இருக்கிறதாமே?

இருக்கிறது! நம் விராலின் வடக்கத்திப் பங்காளி. 2002-இல் மேரிலாந்தில் குரோஃப்டன் என்ற ஊர்க் குளத்தில் கண்டுபிடித்தபோது டி.வி.க்காரர்கள் அதை நடக்கும் பிசாசு மீன் ஆக்கிவிட்டார்கள். 2004-இல் பொட்டோமாக்கிலும் தென்பட்டது. 2024-இல் மேரிலாந்து, மக்கள் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று செசபீக் சன்னா என்று புதுப்பெயரே சூட்டிவிட்டது. நம்மிடம் கேட்டிருந்தால் பெயர் மாற்றமெல்லாம் தேவையில்லை, புளியும் மிளகாயும் போதும் என்று சொல்லியிருப்போம். இதை உயிரோடு கொண்டுபோவது சட்டப்படி குற்றம். பிடித்த இடத்திலேயே கொன்றுவிட வேண்டும். வேகமான ஓட்டத்தில் இருக்காது. ஏப்ரலில் தண்ணீர் சூடேறியதும் பாசி மண்டிய ஓடைகளிலும், பழைய கால்வாயிலும், அனகோஸ்டியா ஆற்றோரத்திலும் தேடுங்கள். சாப்பிடுவதில் மேலே சொன்ன மாதக் கணக்கு இதற்கும் உண்டு.

ஆபத்து எந்த அளவு?

இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். மேலே வெயில் அடித்தாலும் மார்ச்சில் தண்ணீர் ஐஸ்தான். விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு தாறுமாறாகும், பத்து நிமிடத்தில் கை கால் சொன்ன பேச்சைக் கேட்காது. கிணற்றிலும் கண்மாயிலும் நீந்திய திறமை இங்கே உதவாது. படகில் லைஃப் ஜாக்கெட்டை உடம்பில் போட்டிருங்கள், பெஞ்சுக்கு அடியில் வைக்காதீர்கள். லிட்டில் ஃபால்ஸ் தடுப்பணைப் பக்கமே போக வேண்டாம். பார்க்க நாலடி உயரச் சுவர் மாதிரி சாதுவாக இருக்கும், கீழே சுழலும் தண்ணீர் பிடித்தவரை விடாது.

கிளம்பும் முன் லிட்டில் ஃபால்ஸ் நீர்மட்டத்தை இணையத்தில் பாருங்கள். நாலடிக்குக் கீழே இருந்தால் எனக்கு நிம்மதி. ஐந்தை நெருங்கினால் நான் போக மாட்டேன், படகும் பெரும்பாலும் தர மாட்டார்கள். டி.சி.யில் மழையே இல்லாவிட்டாலும் மேற்கு மலைகளில் பெய்தது இரண்டு மூன்று நாளில் இங்கே வந்து சேரும். நங்கூரக் கயிறு பாறையில் சிக்கினால் இழுத்துப் போராடாமல் அறுத்துவிடுங்கள். அதற்காகவே கத்தி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நங்கூரத்துக்குக் காசு கேட்பார்கள், கொடுத்துவிடலாம்.

மழை பெய்த மறுநாள் போகலாமா?

வேண்டாம். நகரத்தின் மூன்றில் ஒரு பங்கில் மழைநீரும் சாக்கடையும் ஒரே பழைய குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் அது ஆற்றில் வழியும். அனகோஸ்டியாப் பக்கம் 2023-க்குள் பெரிய சுரங்கக் குழாய்கள் போட்டுக் குறைத்துவிட்டார்கள், பொட்டோமாக்குக்கான வேலை இன்னும் நடக்கிறது. தண்ணீரில் இறங்கிக் குளிப்பதற்கு டி.சி.யில் 1971-லிருந்தே தடை. கையைக் கழுவாமல் முறுக்கு தின்னாதீர்கள்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஆனால் ஷேட்டுக்கு வேண்டாம், பெர்ச்சுக்கு. தக்கையும் மண்புழுவும் போதும், ஏப்ரலில் பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும். ஃப்ளெட்சர்ஸ் கோவ் கரையில் தண்ணீர் ஓட்டமில்லாத பக்கமாக உட்காருங்கள். சலித்துப்போனால் பின்னாலேயே கால்வாய்க் கரை, ஆமைகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மாற்றுத் துணி இரண்டு செட்.

மூன்று தடவை போயும் ஒன்றும் மாட்டவில்லை. என்ன தப்பு?

டார்ட் மீன் நிற்கும் ஆழத்துக்கு இறங்கவில்லை, அல்லது வேகமாகச் சுற்றுகிறீர்கள். இரண்டும் இல்லையென்றால் தண்ணீர் கலங்கலாக இருந்திருக்கும். உங்கள் பாதம் முழங்கால் ஆழத்தில் தெரிந்தால்தான் ஷேட்டுக்கு டார்ட் தெரியும். அப்புறம், பக்கத்தில் வருடக்கணக்காக வரும் பெரியவர் யாராவது நிற்பார். வணக்கம் சொல்லி, எவ்வளவு எண்ணுகிறீர்கள் என்று கேளுங்கள். சொல்லாதவரை நான் பார்த்ததில்லை.

சீசன் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

மே நடுவில் தண்ணீர் எழுபது டிகிரியைத் தாண்டும். கொத்துவது குறையும், மாட்டுவதும் வயிறு ஒட்டிப்போன, வால் தேய்ந்த மீன்களாக இருக்கும். முட்டையிட்டுவிட்டுக் கடலுக்கு இறங்குகிறவை. அவற்றைப் பார்த்ததும் நான் டார்ட்டுகளைக் கழுவிக் காயவைத்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிடுவேன். இறங்குகிற மீனைத் தொந்தரவு செய்ய மனம் வராது. அந்த வாரத்திலிருந்து கெளுத்தி நன்றாகக் கொத்தும்.